கொழுந்துக் கை நட்ட காடு

இந்தப் பங்குனியில் ஒரு நாள் கினிகத்தேனையில் பஸ் பழுதாகி நின்றது. எதிரே ஒரு பூச்செடிக் கடை. நேரம் போகட்டுமே என்று உள்ளே நுழைந்தேன். கறுப்புப் பொலித்தீன் பைகளில் நனைந்த மண்ணும் சாணமும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், கால் நகரவில்லை. "என்ன கன்று வேணும் மகள்?" என்று கடைக்கார முஸ்லிம் பெரியவர் கேட்டார். என்னத்தைச் சொல்ல? ஒரு ரோசாவை வாங்கிக்கொண்டு வந்தேன். அது இப்போது வீட்டில் வாடிக்கொண்டிருக்கிறது. என் கைராசி அப்படி.

இந்தக் கைராசிக்காரிக்கு முதல் வேலையே மரம் வளர்க்கும் திட்டத்தில்தான் கிடைத்தது, கேளுங்கள்! வெளிநாட்டு உதவி. காட்டையும் நீரூற்றையும் அங்கே இருக்கிற சனங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். திட்டக்காரர்கள் விதையும் பயிற்சியும் தருவார்கள். காட்டிலாகாக்காரருக்குச் சிங்களம், திட்டத்து வெள்ளைக்காரம்மாவுக்கு இங்கிலீஷ், தோட்டத்துப் பெண்களுக்குத் தமிழ். நடுவில் மொழிபெயர்க்க நான். என் அந்தக் கால இங்கிலீஷை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது.

வலப்பனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அதன் மேல் டிவிசனில் ஒரே லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. எல்லாருக்கும் ஒரே பீலி. மலையூற்றுத் தண்ணீர் வந்து விழுகிற இடத்தைத்தான் பீலி என்போம். மாசியில் அது நூலாக இறங்கும், பங்குனியில் நின்றே போகும். ஊற்றுக்கு மேலே ஒரு காலத்தில் காடு இருந்ததாம். நான் பார்த்தபோது வெறும் மானாப்புல். ஊற்று இப்படியே வற்றினால் லயத்தை மூடிவிட்டு எல்லாரையும் கீழ் டிவிசனுக்கு இறக்கிவிடுவேன் என்று தோட்டத்துரை சொல்லிவிட்டார். கொழுந்தெடுக்கும் பெண்களின் சங்கத்தலைவி லெச்சுமியக்காவுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. "நான் பொறந்த லயம் புள்ள இது. கீழ போய் யாரு வீட்டு வாசல்ல நிக்கிறது?" என்பார்.

ஊற்றைச் சுற்றி நடுவதற்குக் கீனா, காட்டு நாவல் என்று மலைக்காட்டு மரங்களாக நாற்றுப் போட்டோம். கொழுந்தெடுத்து மலையிலிருந்து இறங்கியதும் பெண்கள் வந்து தண்ணீர் ஊற்றுவார்கள். வெள்ளைக்காரம்மா பார்த்துச் சரி என்றால்தான் நடலாம், இல்லையென்றால் திட்டம் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். அவர் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது நாற்றுமேடைக்குப் போகிறேன், ஐயையோ! ஒரு நாற்றுக்கும் நுனி இல்லை.

"யாருக்கா கிள்ளுனது?" கத்தியே விட்டேன்.

"நாங்க எங்க கிள்ளுனோம்? சும்மா பேசிக்கிட்டுத்தானே நின்னோம்" என்ற லெச்சுமியக்கா தன் வலக்கையை விரித்தார். உள்ளங்கையில் நாலைந்து இளந்தளிர். கடைசி வரிசையுடையது. பேயறைந்த மாதிரி அவரே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் கொழுந்தெடுத்த கை, தளிரைக் கண்டால் யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்துவிடுகிறது. நான் சிரிப்பதா, அழுவதா?

வெள்ளைக்காரம்மா வந்தார். மண்டியிட்டு ஒவ்வொரு நாற்றாகப் பார்த்தார். யார் கிள்ளியது என்று கேட்டார். மாடு மேய்ந்துவிட்டது என்று சொல்ல நான் வாயெடுக்க, லெச்சுமியக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"எங்க கைதான்னு சொல்லு புள்ள. வாயில்லாச் சீவன் மேல பழி போடாத."

சொன்னேன். அந்த அம்மா அக்காவின் கறை படிந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிள்ளிய இடத்துக்குக் கீழே புடைத்திருந்த மொட்டுகளைக் காட்டினார். பலகைக்கு வளர்த்தால் இது நட்டம்தான், ஊற்றுக்கு வேண்டியது நிழல், பல கிளையாக விரியட்டும், நடுங்கள் என்றார். நான் மொழிபெயர்த்து முடிக்குமுன்பே பெண்கள் தலையாட்டிவிட்டார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை எப்படித் தழைக்கும் என்று அவர்களுக்கா சொல்லித்தர வேண்டும்!

பூச்செடிக் கடையில் பிடித்த அந்த நாற்றுமேடை வாசம் விடவில்லை. மறுநாளே வலப்பனைக்குப் பஸ் ஏறினேன். பதினெட்டு வருடம் கழித்துப் போகிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மரங்களுக்குள்ளே கால் வைத்தால் இருட்டு, சில்லென்ற காற்று. ஒவ்வொரு மரமும் முழங்கால் உயரத்தில் நாலாய், ஐந்தாய்ப் பிரிந்து மேலே போய் வானத்தையே மூடியிருக்கிறது. நாங்கள் நடாத கொடிகள், நாங்கள் அழைக்காத பறவைகள். பாசியை மிதித்தால் தண்ணீர் ஊறி வருகிறது. "அம்மாடி!" என்று வாய்விட்டுச் சொன்னேன். கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

பீலி, கை மொத்தத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அதனடியில் ஒற்றைக் குடத்தோடு லெச்சுமியக்கா. தலை முழுக்க நரை. லயத்தில் பதினொரு கதவில் பூட்டு. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போக, பெற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்களாம். அக்காவின் மகனும் கொழும்பில்தானாம்.

"நீங்களும் மகன்கிட்ட போயிருக்கலாமேக்கா?"

குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதைத் தூக்கவில்லை.

"போயிருப்பேன் புள்ள. இது வத்தியிருந்தா அப்பவே போயிருப்பேன். இப்புடிக் கொட்டுறத விட்டுட்டு எப்புடிப் போறது?"