தவுடு ஆறுது, வாடி ராசாத்தி

கொரோனா அடங்கி, பள்ளிக்கூடங்கள் திறந்து, ஊர் பழையபடி சத்தம் போட ஆரம்பித்திருந்த சமயம். சித்தூர் மாவட்டத்தில், பாலசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தோம். வீட்டுக்குள் தமிழ், கடைக்குப் போனால் தெலுங்கு, சண்டை என்று வந்தால் இரண்டும். என் வீட்டுக்காரர் தடா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மகன் திருப்பதியில் படித்துக்கொண்டிருந்தான். மற்ற நாளெல்லாம் நானும் செவ்வந்தியும்தான்.

செவ்வந்தி எங்கள் கிடாரி. பிறந்த சில நாளிலேயே தாய்ப்பசு பாம்பு கடித்துச் செத்துப் போனதால், ரப்பர் காம்பு வைத்த பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தேன். அதனாலோ என்னவோ, தான் ஒரு மாடு என்ற நினைப்பே அதற்குக் கிடையாது. மற்ற மாடுகளோடு சேராது. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. என் குரல் கேட்டால் மட்டும் எங்கிருந்தாலும் குலுங்கிக் குலுங்கி ஓடி வரும்.

எங்கள் ஊரில் ஒரு ரேடியோ நிலையமும் இருந்தது. நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சர்ச்சை ஒட்டிய பழைய மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே ஓர் அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்க விட்டிருப்பார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா அதை நடத்தினார். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு மட்டும் கேட்கும்.

மற்ற ரேடியோ மாதிரி இத்தனை மணிக்கு இன்ன நிகழ்ச்சி என்பதெல்லாம் அங்கே இல்லை. மைக் முன்னால் யார் வந்து உட்காருகிறாரோ, அந்த நேரம் அவருடையது. அவராக எழுந்திருக்கும் வரை யாரும் எழுப்பக் கூடாது. அது ஒன்றுதான் அங்கே சட்டம். மோட்டாருக்கு மூணு ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல வந்த வெல்டிங் கடைக்காரர், அப்படியே பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார். காராமணிக் குழம்பு வைப்பது எப்படி என்று சொல்ல வந்த ஒரு மாமியார், தாளிப்பதற்குள் மருமகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். மறுநாள் அந்த மருமகளே வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் யாரும் டிவி போடவில்லை.

எனக்கும் அந்த நிலையத்துக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் ரேடியோ அக்கா கையில் ரெக்கார்டரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கன்று வளர்ப்பது பற்றி இரண்டு வார்த்தை பேசும்மா என்றார். எனக்குத் தலைக்கு மேல் வேலை. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, வேலி ஓரமாகப் போய்ச் செவ்வந்தியைக் கூப்பிட்டேன். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனேன். பால் சென்டரில் இருந்த ரேடியோவிலிருந்து என் குரல்.

"ந்தா... ந்தா... வாடி என் ராசாத்தி. எங்க போய் நின்னுக்கினு கீற மூதேவி. தவுடு ஆறுது, வந்து துன்னு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். ராசாத்தி, மூதேவி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற பொம்பளை நான் ஒருத்திதான் என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் தெருவில் போனால், "தவுடு ஆறுதாமே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். திரும்பினால் எல்லாரும் யோக்கியர்கள் மாதிரி வேறு பக்கம் பார்ப்பார்கள்.

நேரே நிலையத்துக்குப் போய்ப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அதை அழித்துவிடுங்கள் என்றேன். அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"அழிக்க மாட்டேம்மா. இங்க வந்த எந்தக் குரலையும் நான் அழிச்சதில்ல. ஆனா நீ சொல்லாம இனிமே அது காத்துல போகாது. போதுமா?"

போதாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டு ரேடியோவைத் துணி சுற்றிப் பரண்மேல் போட்டேன். என்னைக் கேட்காமல் என் குரலை ரேடியோவில் போட்டது தப்புதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு செவ்வந்தி சினையானது. தலையீற்று. மடி இறங்கி, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. ஒருநாள் விடிந்து போய்ப் பார்த்தால் கொட்டகையில் அறுந்த கயிறு மட்டும் கிடக்கிறது.

ஈனப்போகிற மாடு மறைவிடம் தேடிப் போகும். எங்கள் ஊரைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. உள்ளே யானை நின்றாலும் தெரியாது. தலையீற்று மாட்டுக்குக் கன்று சிக்கிக்கொண்டால் ஆள் உதவி இல்லாமல் தாயும் போகும், கன்றும் போகும். போதாக்குறைக்கு, குன்று ஓரத்தில் சிறுத்தைக் கால்தடம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள்.

கூப்பிட்டேன். கரும்புத் தோட்டம் தோட்டமாக, மாந்தோப்பு, காய்ந்த ஓடை என்று கத்திக்கொண்டே அலைந்தேன். பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவில்லை. மத்தியானம் வாக்கில் தொண்டையில் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. அடுத்த முறை வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. குரல் சுத்தமாகப் போய்விட்டது. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கும் சத்தம் இல்லை.

கூடவே தேடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் என்னை எழுப்பினாள்.

"எழுந்திரு அக்கா. ரேடியோ ரூமுக்குப் போலாம்."

நான் தலையை ஆட்டி மாட்டேன் என்றேன்.

"அந்த மாடு பெருசா, உன் ரோஷம் பெருசா?" என்று கேட்டு ஸ்கூட்டியில் ஏற்றிவிட்டாள்.

அங்கே மைக் முன்னால் வெல்டிங் கடைக்காரர் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, யாரும் கேட்காமலே எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டார். அக்கா கம்ப்யூட்டரில் என் குரலைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் போடவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"போடட்டுமாம்மா?"

அந்த அவசரத்திலும் கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அக்கா முதலில் தமிழிலும் பிறகு தெலுங்கிலும் சொன்னார். "ரேடியோ இருக்கறவங்க வாசல்ல கொண்டாந்து வைங்க. போன்ல கேக்கறவங்க கரும்பு ஓரமாப் போய் நில்லுங்க. சவுண்டு முழுசா வைங்க. யாரும் மாட்டைத் தொரத்தாதீங்க, மெரண்டுடும். அதுவா வரட்டும்."

பிறகு என் குரல் போயிற்று. முடிந்ததும் மறுபடி. மறுபடி.

திரும்பி வந்த வழியை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். டீக்கடையில் என் குரல். வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் என் குரல். திண்ணை, மதில், நிறுத்தி வைத்த டிராக்டர் எல்லாவற்றிலிருந்தும் நான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேலி செய்த அதே ஆட்கள் ரேடியோவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரும்பைப் பார்த்து நின்றார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. யாருடையதோ ஓர் எருமை மட்டும் நடுரோட்டில் நின்று, தன்னைத்தான் மூதேவி என்கிறார்களோ என்று யோசித்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிலையத்திலிருந்து போன் வந்தது. அடுத்த ஊர் எல்லையில், கரும்பை ஒட்டி ஒரு தெலுங்குக்காரர் வீடு. வாசலில் துணி துவைக்கிற கல்மேல் ரேடியோவை வைத்திருக்கிறார். கரும்பை விலக்கிக்கொண்டு ஒரு செவலைப் பசு வந்து அதன் எதிரில் நிற்கிறதாம். ரேடியோவை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் போய்விடும் என்று அக்காவிடம் கெஞ்சினாராம் அந்த மனிதர்.

ஓடினேன். செவ்வந்திதான். உடம்பெல்லாம் கரும்புச் சோகை கீறிய கோடுகள். பனிக்குடம் வெளியே தெரிகிறது. அந்த நிலையிலும் ரேடியோவை நக்கிக்கொண்டு நின்றது. நான் கிட்டே போனேன். என்னைப் பார்த்தது, ரேடியோவைப் பார்த்தது. குரல் அங்கேயிருந்து வருகிறது, நான் இங்கே வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். பாவம், அதற்குக் குழப்பம். கையை நீட்டினேன். மோந்து பார்த்தது. அதற்கப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே படுத்துவிட்டது.

கன்று பெரிது. அந்த வீட்டுக்காரரும் அவர் மனைவியும் நானும் சேர்ந்து இழுத்தோம். வெளியே வந்து விழுந்தபோது மூச்சு இல்லை. அந்த அம்மாள் வைக்கோல் துரும்பை அதன் மூக்கில் விட்டுத் தேய்த்தார். தும்மியது. கிடாரிக் கன்று. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவுக்குப் போன் போயிற்று. அதுவரை நிற்காமல் ஓடிய என் குரல் நின்றது. "தாயும் புள்ளையும் சுகம். பொண்ணு" என்று மட்டும் சொன்னார், ஆஸ்பத்திரி வாசலில் சொல்கிற மாதிரி. அப்புறம் வெல்டிங் கடைக்காரர் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்.

மறுநாள் பால் சென்டரில் பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள். "தவுடு ஆறுதாமே." எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் திட்டுவதற்குக் குரல் இல்லை.

குரல் திரும்பியதும் நானும் போய் அந்த மைக் முன்னால் உட்கார்ந்தேன். கன்று வளர்ப்பது பற்றி ஆரம்பித்து எங்கெங்கோ போய், எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதன்பிறகு வாரம் ஒருமுறையாவது போவேன். என் வாழ்க்கையில் நான் பேசியதை ஜனங்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது அந்த நாட்களில்தான்.

இப்போது அதெல்லாம் இல்லை. அக்காவுக்கு உடம்பு முடியாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மெஷின் பழுதானது, எடுத்து நடத்த ஆள் இல்லை. ரேடியோக் கம்பம் மட்டும் நிற்கிறது, காக்கை உட்காருகிறது. நாங்களும் மகனோடு திருப்பதிக்கு வந்துவிட்டோம். அலிபிரி பக்கம் மாடி வீடு. இங்கே செல்போனில் எல்லாப் பாட்டும் வருகிறது, தெரிந்த குரல் ஒன்றும் வருவதில்லை.

வரும்போது செவ்வந்தியையும் கன்றையும் அந்தத் தெலுங்குக்காரர் வீட்டிலேயே விட்டு வந்தேன். போன பொங்கலுக்குப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் அந்த அம்மாள் வாசலில் நின்று மாட்டைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் அந்த ராகம், அந்த இழுப்பு, ராசாத்தி, மூதேவி, தவுடு ஆறுது என்று ஒரு வார்த்தை பிசகாமல் வந்தது. ரேடியோவில் கேட்டுக் கற்றது. செவ்வந்தி குலுங்கிக் குலுங்கி ஓடி வந்தது. என் கண் நிறைந்துவிட்டது.

எனக்குக் குரல் போன அன்றைக்கு, நான் சண்டை போட்டுவிட்டு வந்த இடத்தில்தான் அது பத்திரமாக இருந்தது. அதை நினைத்தால், இப்போதெல்லாம் யாரோடும் பேச்சை முறித்துக்கொள்ள எனக்கு மனசு வருவதில்லை.