வலது மிதி மட்டும்

நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஆனால் இது ஆரணியில், 1998 ஆவணி அமாவாசையன்று, பட்டப்பகலில் நடந்தது. நடந்தது ராஜவேலுவுக்கு. பட்டு நெய்யத் தெரியுமே தவிர, கதை கட்டத் தெரியாத மனிதர்.

அவருடைய இடது காலில், தோலில் கிருமி தொற்றி, முழங்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது. ஊசி போட்ட டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "காலைத் தலகாணி மேல வெச்சிகினு படுங்க. தறிக்குழியில எறங்கினீங்க, காலையே எடுக்க வேண்டி வரும்."

தினமும் காலையில் மனைவி திலகவதி வீக்கத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் நீர் வடியவில்லை என்று அர்த்தம். ஒன்பதாம் நாள் பள்ளமே விழவில்லை.

"வத்திகினு வருதுங்க. இன்னும் அஞ்சு நாள் கம்முனு படுங்க," என்று சொல்லிவிட்டு, அமாவாசைக்காக வெளியூர்க் கோயிலுக்குப் போனாள்.

கம்மென்று படுக்க முடிந்தால்தானே! புரண்டார். எழுந்தார். மறுபடி படுத்தார். இரண்டு மாதம் முன்பு முள்ளிப்பட்டில் ராமதாஸ் என்பவரிடம் வாங்கிய தறி, பக்கத்து அறையில் சும்மா கிடந்தது. அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

மணி 2.10.

டக்...

அமாவாசைக்கு எவரும் தறியில் உட்கார மாட்டார்கள். தெருவே ஊமையாக இருந்தது. சத்தம் அவர் வீட்டுக்குள்தான்.

டக்... டக்...

குழிக்குள் காலால் அமுக்கும் மிதிக்கட்டை இரண்டில், வலது மிதி மட்டும். இடது மிதியின் சத்தமே இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றி மிதிக்காமல் எவன் நெய்வான்?

"யாரு?"

நின்றது.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். தறியில் ஆளில்லை. எலிதான் மிதியில் சிக்கியிருக்கும், பட்டு நூலைக் கடித்தால் போச்சு... பதறினார். டாக்டர் சொன்னது மறந்தது. இடது காலைக் குழிக்குள் விட்டார்.

2.14.

வீக்கத்தின் மேல் ஒரு பெருவிரல் பதிந்தது.

மெதுவாக... அமுக்கியது.

எடுக்கவில்லை.

அலறிக் காலை இழுத்தார். முழங்காலுக்குக் கீழே, பெருவிரல் அளவுக்குப் பள்ளம்.

குணமானதும் முள்ளிப்பட்டுக்குப் போனார். அந்தத் தறி தன் அண்ணன் துரைக்கண்ணுவுடையது என்பதை ராமதாஸ் அன்றுதான் சொன்னார்.

"வீங்கின காலோட தறியில எறங்கினாருங்க. சொன்னா கேக்கல. தொடையோட எடுத்தாங்க. மூணாம் நாளே போயிட்டாரு."

"எந்தக் காலு?"

"இடது. எடுத்தப்புறமும் கால் இருக்குதுன்னே நெனச்சிகினு, வீக்கம் வத்திச்சான்னு அமுக்கிப் பாக்க, கையால தேடிகினே இருந்தாரு..."

ராஜவேலு வேட்டியை இன்னும் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். வீக்கம் போய் மாதம் ஒன்றாகியும், அந்தப் பள்ளம் மட்டும் மறையவில்லை.