இரண்டாவது ஃபேக்ஸ் இலக்கம்

எனக்குக் குப்பை பிடிக்காது. வீட்டிலும் சரி, கொம்பியூற்றரிலும் சரி. பழைய கம்பனிகளின் பழைய இயந்திரங்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் தகவல்களை யாரும் எங்கிருந்தும் இணையத்தில் பார்க்கும்படி செய்து கொடுப்பதுதான் என் தொழில். போகும் இடமெல்லாம் முதலில் தேவையில்லாததைத் தூக்கி எறிவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை மூக்குடைபட்டது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கம்பனி அது. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் திருத்துகிறவர்களுக்கும் வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஓர்டர் எடுப்பது மட்டும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. ஒஃபிசில் வயர் போட்ட ஐந்து மேசைகளைத் தவிர வேறெங்கும் அந்தத் திரை திறக்காது.

அந்த ஐந்து மேசைகளில் மூன்றில் நம்மவர்கள். அவர்களில் மூத்தவர் என்னைவிடப் பத்து வயது கூடிய ஓர் அக்கா. அஜக்ஸ் என்ற ஊரிலிருந்து நாள்தோறும் 401 நெடுஞ்சாலையில் திட்டிக்கொண்டு வருவார். தோளில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடியே ஓர்டர் அடிப்பார். விரல்கள் தங்கள் பாட்டில் ஓடும். நான் போன முதல் கிழமையே அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டேன்.

அக்காவின் கணவருக்கு அந்த வருட வசந்தத்தில் பாரிசவாதம் வந்திருந்தது. தேறிக்கொண்டு வந்தார். பேச்சு திரும்பிவிட்டது, கைத்தடியோடு நடப்பார். ஆனால் வீட்டில் தனியே விட முடியாது. கோடை முழுக்க மகள் பார்த்துக்கொண்டாள். செப்ரெம்பரில் அவளுக்கு யூனிவர்சிட்டி தொடங்கிவிடும். மனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கானவர். நான் செய்துகொண்டிருந்த புதிய இணையப் பக்கம் ஒரு முழுக் கிழமை, ஐந்து வேலை நாளும், பிழையில்லாமல் ஓடினால் அக்கா வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார். ஓகஸ்ட் முடிவதற்குள் ஓடிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அக்கா வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

“பிள்ளை, நான் உம்மை அவசரப்படுத்தேல்லை,” என்றார் அக்கா ஒருநாள் சாப்பாட்டு அறையில். “ஆனா செப்ரெம்பர் வருகுதெல்லோ.”

இதைவிட ஒருவரை எப்படி அவசரப்படுத்துவது?

பழைய திரையில் இருந்த ஒவ்வொரு கட்டத்தையும் பட்டியல் போட்டு, எது தேவை எது தேவையில்லை என்று அக்காவிடம் கேட்டேன். “இரண்டாவது ஃபேக்ஸ் இலக்கம்?” என்று கேட்டபோது, “ஆர் பிள்ளை இப்ப ஃபேக்ஸ் அனுப்புகினம்?” என்று சிரித்தார். என்னுடைய சோதனைக் கருவியும் அந்தக் கட்டத்தில் இருப்பவை இலக்கங்களே அல்ல, எல்லாம் பழுதான தகவல் என்று சிவப்பில் காட்டியது. எனக்கு அது போதும். புதிய பக்கத்தில் அதை எடுத்துவிட்டேன். பக்கம் வெள்ளை வெளேரென்று துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை தொடங்கினோம். பச்சைத் திரைகளை அணைத்துவிட்டு எல்லோரும் என் பக்கத்திலேயே ஓர்டர் எடுத்தார்கள். மனேஜர் டோனட் வாங்கி வைத்தார். நான் கால் தரையில் பாவாமல் திரிந்தேன். அக்கா மட்டும், “எல்லாம் வடிவாத்தான் இருக்கு, ஆனா ஏதோ குறையுது. என்னெண்டு தெரியேல்லை,” என்றார். பழக்கதோஷம் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்தச் சாமான்களோடு வான்கள் போயின. மதியம் ஃபோன்கள் அலறத் தொடங்கின. ஒரு டிரைவரை நாய் துரத்தியிருந்தது. இன்னொருவர் முன்கதவில் அரை மணித்தியாலம் மணியடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். அஜக்ஸில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவருக்குச் சாமான் சரியாக ஒன்றரைக்குப் போய், பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தது. பாதி வான் சாமானோடு திரும்பிய டிரைவர்களைப் பார்த்த மனேஜர், பச்சைத் திரைகளை மறுபடி போடச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விலாசங்கள் எல்லாம் சரி, ஓர்டர்களும் சரி.

அக்கா தன் பழைய திரையைப் போட்டார். அந்தப் பெரியவரின் பெயரைத் திறந்தார். பிறகு கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு, “இஞ்ச வாரும் பிள்ளை!” என்று கத்தினார்.

இரண்டாவது ஃபேக்ஸ் இலக்கம் என்ற கட்டத்துக்குள் ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது: வெள்ளி மூண்டு மணிக்குப் பிறகு. அடுத்த பெயரைத் திறந்தோம்: நாய் கவனம். அதற்கடுத்தது: பின்கதவு தட்டு.

பழைய இயந்திரத்தில் குறிப்பு எழுத இடமில்லை. என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் அந்த வெறும் கட்டத்தில் எழுதத் தொடங்க, மற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். வான் டிரைவரிடம் கொடுக்கும் தாளில் அதைப் பார்த்துக் கையால் எழுதி விடுவார்கள். வருடக்கணக்காகக் கண் தானாக அங்கே போனதால், அதற்கு ஃபேக்ஸ் என்று பெயர் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அக்கா எனக்குச் சொன்னதில் பொய்யே இல்லை. யாரும் ஃபேக்ஸ் அனுப்புவதில்லைதான்.

ஆங்கிலக்காரர் ஒருவர் இதைப் பழுதான தகவல் என்று ஒதுக்கியிருந்தால் மன்னிக்கலாம். நான் தமிழச்சி. ஒரே ஒரு வரியை வாசித்துப் பார்த்திருந்தால் போதும். கருவி குப்பை என்றது, நானும் குப்பை என்றேன். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. நேரே மனேஜரின் அறைக்குப் போய், பிழை என்னுடையது, பழைய இயந்திரத்தில் எதுவும் அழியவில்லை, அடுத்த வெள்ளிவரை தவணை தாருங்கள் என்று கேட்டேன். அவர் கலண்டரைப் பார்த்தார். ஓகஸ்ட்டில் அந்த ஒரு கிழமைதான் மிச்சம். “சரி,” என்றார்.

சனிக்கிழமை காலை அக்கா ஒஃபிசுக்கு மட்டன் ரோல்ஸோடு வந்தார். ஃபேக்ஸ் என்ற பெயரை எடுத்துவிட்டு, பக்கத்தின் உச்சியில் மஞ்சள் நிறத்தில் ‘கவனிக்க’ என்று ஒரு பெட்டி வைத்தேன். டிரைவர்கள் தங்கள் ஃபோனிலேயே பார்க்கும்படி அதை இணைத்தேன். எல்லோருக்கும் விளங்க, ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே ஆங்கிலத்திலும் எழுதினோம். அக்கா வாசிப்பார், நான் அடிப்பேன். ‘காது கேளாது, கத்து.’ ‘அவர் வேண்டாம் எண்டுவார், மனுசியைக் கேள்.’ ‘தேத்தண்ணி தருவார், குடிக்காட்டிக் கோவிப்பார்.’ இதை ஆங்கிலத்தில் எழுதும்போது இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் வேலை செய்ததில்லை.

திங்கள் மறுபடி தொடங்கினோம். செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் நல்லபடி போயின. வெள்ளி பின்னேரம் நான்கு மணிக்கு அஜக்ஸ் பெரியவரே கூப்பிட்டார். “சாமான் வந்துட்டுது. நான் தொழுதிட்டு வந்து கடையைத் திறக்க, வான் வந்து நிக்குது. இப்பதான் உங்களுக்கு வேலை தெரிஞ்சிருக்கு,” என்றார். அக்கா ஃபோனை வைத்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். நாற்பத்தைந்து வயதில் யாரும் என் கன்னத்தைக் கிள்ளியதில்லை. அன்று போகும்போது மனேஜர் அக்காவின் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

மகளுக்கு வகுப்பு தொடங்கிய முதல் நாள். காலை ஒன்பதுக்கு அக்காவின் பெயர் என் திரையில் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஓர்டர்கள் விழுந்தன. பத்தரைக்கு என் ஃபோன் அடித்தது, அக்காவின் இலக்கம்.

“என்னக்கா, பக்கம் வேலை செய்யாம விழுந்திட்டுதோ?”

“ஒண்டும் விழேல்லை,” என்றது ஓர் ஆண் குரல், சொற்களை மெல்ல மெல்ல எடுத்து வைத்து. “நான் அவவின்ர மனுசன். அவ கொம்பனி ஃபோனில நிக்கிறா. அதுதான் அவவின்ர கைஃபோனை எடுத்தனான்.”

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. யாரிடமோ ஆங்கிலத்தில் ஒரு மொடல் இலக்கத்தைப் படபடவென்று சொல்லி, அது பொருந்தாது, மற்றதை எடு என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

“காலமையில இருந்து பக்கத்தில இருந்து பாக்கிறன், பிள்ளை. இத்தனை வருசமா இவ வேலைக்குப் போறா, வாறா. என்ன செய்யிறீர் எண்டு கேட்டா, ஓர்டர் எடுக்கிறன் எண்டுவா. நானும் சும்மா இருந்து எழுதிற வேலையெண்டு நினைச்சிட்டன்.”

“ஆரோட கதைக்கிறியள்? கொஞ்சம் சத்தம் போடாம இருங்கோ, ஆக்கள் லைனில!” என்று அக்கா அங்கிருந்து சத்தம் போட்டார்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ இவ்வளவு கெட்டிக்காரி எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை.”