கண்டி மாப்பிள்ளை உதைத்த பந்து

ரக்பி விளையாட்டால் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்தது எங்கள் வீட்டில் மட்டுமாகத்தான் இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. அக்காவைப் பார்க்க வந்தவருக்குச் சொந்த ஊர் மணவாளக்குறிச்சிப் பக்கம். கண்டியில் படித்து, அங்கேயே கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஜன்னலை விட்டு அவள் நகராததிலேயே எனக்கு அது தெரிந்தது. பெரியப்பாவுக்கோ புதுக்கடை ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர்மேல் கண். எங்கள் கூட்டுக் குடும்பத்தில் பெரியப்பா ஒன்று சொன்னால், ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன மாதிரி, அதற்குமேல் பேச்சில்லை.

சாயா குடித்து முடிந்ததும் பெரியப்பா கேட்டார்: "சோலி போவ மிச்ச நேரம் என்ன செய்வீரு?"

வேதம் வாசிப்பேன் என்றிருந்தால் அன்றைக்கே நாள் குறித்திருப்பார்கள். அந்த மனுஷன் ரக்பி ஆடுவேன் என்றார்; பந்தை உதைப்பதுதான் தன் பொறுப்பாம். உதைத்துக் காட்டும் என்று முற்றத்துக்கே இறக்கிவிட்டார்கள்.

பந்து என்னுடைய துணிப்பந்து. கையால் பின்பக்கம்தான் எறியலாம். முன்னால் போக வேண்டுமானால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இல்லை உதைக்க வேண்டும் என்றார். பெரியப்பாவைத் தன் கட்சியில் சேர்த்துத் தனக்கு முன்னால் நிறுத்தினார். பெண் பார்க்கும் சடங்குக்கு வந்திருந்த எங்கள் சபை உபதேசியார் எதிராளி. ஒரே உதை, பந்து கிணற்றைத் தாண்டி, வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தென்னை விளைக்குள் போய் விழுந்தது.

"இனி?" என்றார் பெரியப்பா.

"பந்து எல்லை தாண்டின இடத்தில ஆட்டம் தொடங்கும். எதிராளிதான் எறியணும்."

உபதேசியாருக்கு ஒரே சந்தோஷம். "அப்பம் பந்து எனக்கா?"

பெரியப்பா முகம் மாறியது. "கையில இருந்தத நீரே சவுட்டிக் களைஞ்சிட்டு, அவருக்குக் குடுத்தீராக்கும்?"

"குடுத்தேன். ஆனா எதிராளி இனி நம்ம வாசல்ல இல்ல, அவ்வளவு தூரத்தில இருந்துதானே தொடங்கணும்."

"பந்து போச்சே வேய்!"

"இடம் கிடைச்சுதே, ஐயா."

எந்த இடம் கிடைத்தது என்று நான் கிணற்றையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தேன். முற்றம் முன்பும் எங்களுடையதுதான்.

பெரியப்பா பந்தை எடுக்க நடந்தார். மாப்பிள்ளை கையைக் காட்டித் தடுத்தார். "நில்லுங்க. உதைச்சவனுக்கு முன்னால நிக்கிறவங்க ஆட்டத்தில சேரக்கூடாது. நான் ஓடி உங்களத் தாண்டணும்." ஓடித் தாண்டியும் காட்டினார். "இப்ப வரலாம்."

உள்ளே அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

மாப்பிள்ளை போனதும் பெரியப்பா குதித்தார். "எனக்க முற்றத்துல நான் நவுரதுக்கு இவன் உத்தரவு தரணுமாம்! கையில உள்ளத வெளிய சவுட்டுதவனுக்கா பிள்ளைய குடுக்கது? வாற ஞாயிறு புதுக்கடைக்காரன வரச் சொல்லுதேன்."

அக்கா வெளியே வந்தாள். சண்டை போடுவாள் என்று நான் தயாராக நின்றேன்.

"கண்டிக்காரரு வேண்டாம் பெரியப்பா. நீங்க சொல்லுத ஆளையே கெட்டுதேன். ஆனா நாகர்கோவில்ல ஒரு வருசம் டீச்சர் பயிற்சி படிச்ச பொறவுதான்."

சண்டைக்கு நின்ற பெரியப்பாவுக்குச் சண்டை கிடைக்கவில்லை. மகிழ்ந்துபோய், உபதேசியார் சாட்சியாக வாக்குக் கொடுத்தார்.

புதுக்கடைக்காரர் காத்திருக்கவில்லை, ஓணத்துக்கு முன்பே வேறு பெண்ணைக் கட்டினார். படிப்பு முடிந்து அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலையும் ஆன பிறகு, கண்டிக்கு ஆள்விட்டுப் பேசியது பெரியப்பாவேதான்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா தோற்றுவிட்டாள் என்பதுதான். சோற்றில் கைவைக்காமல் அவளுக்காகத் தேம்பித் தேம்பி அழுதேன்.

"ஏட்டி, தின்னுதியா இல்லியா?" என்று கேட்டுவிட்டு, என் பங்குச் சாளை மீனையும் எடுத்து அவள் ருசித்துத் தின்றாள்.