முதல் குட்டிக்குப் போன பால்

எழுத வந்ததற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள் நான். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதியதைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடுமிடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். ஆனாலும் எங்கள் குசினி அடுப்படியில், உப்புப் போத்தலுக்குப் பின்னால், பல வருடமாக ஒரு சிரட்டை இருந்தது. அதில் யாரும் எதையும் அள்ளியதில்லை. என் அண்ணனின் மனைவி, என் மச்சாள், அங்கே வைத்தது. அதைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் வேறு ஆளில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

பத்துப் பதினொரு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை, எழுவைதீவில் எங்கள் வீட்டுக்கு நேரே, வற்றிய கடலில் திமிங்கிலக் குட்டி ஒன்று தரைதட்டிக் கிடந்தது. குட்டி என்றாலும் அண்ணனின் வள்ளத்தை விட நீளம். தூரத்தில், ஆழம் தொடங்கும் இடத்தில், தாய் மூச்சுவிடும் புகை எழுந்து எழுந்து அடங்கியது. ஆண்கள் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தார்கள். ஏலாமற் போனதும் ஈரச் சாக்குகளை அதன் முதுகில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அதன் கண்ணில் மணல் அப்பியிருந்தது. கண்ணோரம் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

கண்ணில் நோவென்றால் எங்கள் பக்கத்தில் தாய்ப்பால் விடுவது வழக்கம். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சிரட்டையோடு போய்க் கேட்டு வாங்குவார்கள். மச்சாளுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, பூவரசு மரத்துக்கு அங்கால் போய்ச் சிரட்டையில் பால் எடுத்துக்கொண்டு வந்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போகிறவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி சிரித்தார்.

"எடியே, உன்ர பால் உதின்ர ஒரு கண்ணுக்கே காணாது."

"ஒரு கண்ணாவது தெளியட்டும் மாமி. தாயைப் பாக்க ஒரு கண் போதும்."

"விசரி," என்று ஏசினார் அண்ணன். ஆனாலும் சாக்கைத் தூக்கிப் பிடித்து வழி விட்டார். பால் பட்டதும் குட்டி இமையை மூடித் திறந்தது. நான் பார்த்தேன். மத்தியானத்துக்குள் அது செத்துப்போனது. தாயின் புகை அதற்குப் பிறகும் கனநேரம் எழும்பியது.

மச்சாளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கைக்குழந்தை அவருக்கு இரண்டாவது பிள்ளை, மகள். முதல் மகன் நடக்கத் தொடங்குமுன்னே காய்ச்சலில் போய்விட்டான். செத்த வீட்டில் யாரோ ஒரு மனுசி, தாயின் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் மறந்திருப்பார். மச்சாள் மறக்கவில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அதன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

பின்னேரப் படகில் யாழ்ப்பாணத்திலிருந்து மிருக வைத்தியர் வந்தார். இளம் பெண். கையுறை போட்டுக்கொண்டு குட்டியை வெட்டிப் பார்த்தார். வயிற்றுக்குள் பாலைத் தவிர ஒன்றுமில்லை. வெண்ணெய் மாதிரித் தடித்த பால். தோலுக்குக் கீழே இருந்த கொழுப்பில் துண்டு துண்டாக எடுத்துப் போத்தல்களில் போட்டார். எதற்கு இது என்று மச்சாள்தான் கேட்டார்.

"வயலுக்கு அடிக்கிற மருந்து, ஃபக்டறிக் கழிவு எல்லாம் கடைசியில கடலுக்குத்தானே அக்கா வருது. அது மீனுக்குள்ள போய், மீனைத் தின்னுற இதுகளின்ர கொழுப்புக்குள்ள சேர்ந்திடும். கரையாது. நோயைத் தாங்கிற சக்தியைக் குறைச்சிடும். சிலதுக்குக் குட்டியே தங்காது. தாய் பால் குடுக்கேக்க அந்தக் கொழுப்போட நஞ்சும் போகும். முதல் குட்டிக்குத்தான் ஆகக் கூடப் போறது."

மச்சாள் கிட்டப் போய்ப் போத்தல் ஒன்றைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப, முதல் பிள்ளை எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு போயிடும்."

"அப்பிடித்தான் வையுங்கோவன்."

"பிறகும் தாயிட்ட மிச்சம் இருக்குமோ?"

"ஓம், இருக்கும். சாகுமட்டும் இருக்கும்."

வைத்தியர் திமிங்கிலத்தைச் சொன்னார். மச்சாள் எதைக் கேட்டார் என்பது அங்கே எனக்கு மட்டுந்தான் தெரியும். பிள்ளை என் இடுப்பில் பாலுக்கு அழுதது. மச்சாள் வாங்கவில்லை.

வைத்தியர் புறப்பட்டதும் நான் இறங்குதுறைக்கு ஓடினேன். அந்நிய ஆளிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. மச்சாளின் முதல் பிள்ளையின் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வைத்தியர் ஏறிய படகிலிருந்து இறங்கி, பெட்டியையும் தூக்கிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தார். மச்சாளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"அக்கா, நான் சொன்னது மனிசருக்கு இல்லை. திமிங்கிலத்தில சேர்ற அளவு வேற, எங்களில வேற. உங்கட பால்தான் பிள்ளைக்கு நல்லது. மகன் செத்தது காய்ச்சலில. பாலை நிப்பாட்டாதேங்கோ."

"ஓம் டொக்டர்."

"விளங்கினதோ?"

"ஓம் டொக்டர். தேத்தண்ணி குடியுங்கோ."

அவர் எங்கள் வீட்டிலேயே தங்கிக் காலைப் படகில் போனார். மச்சாள் அவர் சொன்ன எதையும் மறுக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். பிள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தார். நானும் கெஞ்சினேன், அண்ணன் ஏசியும் பார்த்தார். சில கிழமையில் பால் வற்றிப்போனது. கழுவிய சிரட்டை உப்புப் போத்தலுக்குப் பின்னால் போனது.

கொழுப்பைச் சோதித்த முடிவை வைத்தியர் பிறகு தொலைபேசியில் எனக்குச் சொன்னார். இருந்தவற்றில் ஒன்று டீ.டீ.ரீ. எங்கள் அம்மா சிறுமியாக இருந்த காலத்தில் மலேரியாவுக்கென்று வீடு வீடாக வந்து அடித்த மருந்து. அது காய்ந்தால் சுவர் வெள்ளை பூத்துக் கிடக்குமாம். அடித்தவர்களும் இல்லை, அந்தச் சுவர்களும் இல்லை. மருந்து மட்டும் இருக்கிறது. குட்டியைக் கொன்றது அதுதானா என்று கேட்டேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றார். மச்சாளிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்கு ஆறுதல் தர எதுவும் அதில் இல்லை.

பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு. அவளுக்குச் சளி பிடித்தால்கூட மச்சாள் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டு மூலையில் போய் இருப்பார். பால் கொடுத்த அந்தக் கொஞ்ச மாதத்தைத்தான் நினைக்கிறார்.

போன மாதம் நயினாதீவுப் பக்கம் ஒரு பெரிய திமிங்கிலம் செத்து ஒதுங்கியதாக அண்ணன் வந்து சொன்னார். பெண்.

"அந்தத் தாயோ?" என்று கேட்டார் மச்சாள்.

"அதை ஆர் கண்டது?" என்றார் அண்ணன்.

வைத்தியர் அன்று சொன்ன 'சாகுமட்டும்' எனக்கு நினைவு வந்தது. மச்சாள் போய்ப் பார்க்கவில்லை. குசினிக்குள் போனார். உப்புப் போத்தலை நகர்த்தும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது சிரட்டை அடுப்புக்குள் இருந்தது. காய்ந்த சிரட்டை, உடனே பற்றியது. அதன்மேல் இரவுச் சோற்றுக்கு உலை வைத்தார்.

மறுநாள் காலை நான் அடுப்புச் சாம்பலை அள்ளி முருங்கையடியில் கொட்டினேன். பிள்ளை பள்ளிக்கூடம் போனாள்.