கருங்கோழியின் பின்னால் ஓடிய ஏழு குஞ்சுகள்

எங்கள் கோழிகளில் வெளி ரத்தம் கலந்துவிட்டது என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டு, கோயமுத்தூரிலிருந்து ஐஸ் பெட்டியோடு வந்த ஆராய்ச்சிக்காரர். பல்லடத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பிராய்லர் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தபோது, அவர் நாட்டுக்கோழி தேடி எங்கள் தோட்டத்துக்கு வந்தார்.

மலையில் திரியும் காட்டுக்கோழி எந்தெந்த வழியில் வீட்டுக்கோழியாக மாறிவந்தது என்று பார்க்கிறாராம். ரத்தத்துக்குள் வம்ச அடையாளங்கள் இருக்கின்றன, பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வரும் என்றார். எனக்கு அது உடனே புரிந்தது. கொண்டையும் கால் நிறமும் அப்படித்தானே வருகின்றன.

சேவலுக்கு, கருங்கோழிக்கு, அதன் பின்னால் ஓடிய ஏழு குஞ்சுகளுக்கு என்று றெக்கைக்கு அடியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். நோட்டில் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையெழுத்துப் போடுவதற்கு மேல் எனக்கு எழுத்து வராது.

இரண்டு மாதம் கழித்து வந்தவரின் முகம் சரியில்லை.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. குஞ்சுங்ககிட்டச் சேவலோட பாதி இருக்கு. மீதிப் பாதி இந்தக் கோழிகிட்ட இல்லை. ஏதோ பண்ணைக்கோழி உள்ள வந்து முட்டை போட்டிருக்கும். உங்க கோழிகளை ஆராய்ச்சியில சேக்க முடியாது."

என் நாத்தனார் சும்மா இருப்பாளா? "நாப்பது வருசமா எங்க அண்ணி பெருமை அடிச்சதெல்லாம் பண்ணைக்கோழிக்குத்தானுங்களா?" என்றாள்.

சுருக்கென்றது. கல்யாணமாகி வந்தபோது அம்மா வீட்டிலிருந்து கூடையில் கொண்டுவந்த வம்சம் அது. சேவல் மாற்றினாலும் என் பிறந்த ஊரிலிருந்துதான் மாற்றுவேன்.

"ஏனுங்க, கருங்கோழிதான் தாயின்னு உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"அதுதானேம்மா குஞ்சுகளைக் கூட்டிட்டுத் திரிஞ்சது?"

"அது அடை உக்காந்த கோழிங்க. முட்டை போட்டது அந்தச் சாம்பக்கோழிங்க. அதுக்கு ஒடம்பு கனம். உக்காந்தா முட்டையை ஒடைச்சுப்போடும்."

முட்டைக் கூடையைக் கொண்டுவந்து காட்டினேன். சாம்பல் கோழியின் முட்டைக்கு இரண்டு கரிக்கோடு, கருங்கோழியுடையதற்கு ஒன்று, செங்கோழியுடையதற்குப் புள்ளி. எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும், நல்ல முட்டையாகப் பொறுக்கித்தான் அதன் அடியில் வைப்போம். எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

சாம்பல் கோழியைப் பிடித்துக் கொடுத்தேன். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும்வரை நாத்தனார் குழம்புக்கு முட்டை கேட்டால்கூடப் 'பண்ணை முட்டை' என்றே கேட்டாள்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் ஜீப் வந்தது. இறங்கும்போதே சிரித்தார்.

"ஏழும் சாம்பலோடதுதாம்மா. ஒண்ணுகூடத் தப்பலை. பண்ணை ரத்தம் துளிகூட இல்லை."

என் கண்ணெதிரிலேயே நோட்டைத் திறந்து, தாய் என்று முன்பு எழுதியிருந்ததை அடித்தார். "இந்தத் தடவை நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

கட்டிலில் உட்கார்ந்து, முப்பத்தொரு கோழிக்கும் தாய் எது, தாயின் தாய் எது, சேவல் எது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உச்சிவேளை ஆகிவிட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறினார்.

"அண்ணி, டாக்டருக்குச் சோறு போடட்டுங்களா?" என்று கேட்டாள் நாத்தனார். குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"இரு அம்மணி," என்றேன். "இன்னும் ஒம்பது கோழி பாக்கி இருக்குது."