லைன் இரைச்சல்

என் போனில் எஃப்எம் இருக்கிறது. இதை நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்வேன். இப்போது வருகிற புது போன்கள் பலவற்றில் அது கிடையாது. ஒயர் செருகுகிற ஓட்டையே கிடையாது. புது போன் வாங்கித் தருகிறேன் என்று என் மகள் வந்தபோது, "அதுல இயர்போன் ஓட்டை இருக்குதா, இல்லியா?" என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை என்றாள். அப்படியானால் நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

உப்பளத்தில் வேலை செய்து பார்த்தவர்களுக்கு இது புரியும். கையெல்லாம் உப்புத் தண்ணீர். அந்தக் கையால் திரையைத் தொட்டால் போன் தன்பாட்டுக்கு யாரையாவது கூப்பிடும். வீடியோ பார்க்கலாம் என்றால் நெட் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். எஃப்எம்மில் அந்தத் தொல்லை இல்லை. காலையில் போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டால் சாயங்காலம்வரை பாடும். ஒயர் மட்டும் செருகியிருக்க வேண்டும், அதுதான் அதற்கு ஏரியல். என் ஒயரில் ஒரு காது செத்துப் பல மாதம் ஆகிறது. அந்தச் செத்த பக்கத்தைத் தலைத்துண்டின் மேல் சுற்றிவிட்டால் பாண்டிச்சேரி ஸ்டேஷன் கணீரென்று கேட்கும். அளத்துப் பெண்கள் என்னைப் பார்த்து "கரண்டு கம்பம் வருது" என்பார்கள். சொல்லட்டுமே, எனக்கென்ன.

போன வருஷம்தான் நானும் என் வீட்டுக்காரரும் சொந்தமாக ஒரு அளத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். அதுவரை இரண்டு பேரும் கூலிக்கு உப்பு வாரியவர்கள். முதல் உப்பு நன்றாகவே விளைந்தது. பாத்தியிலிருந்து வாரி வரப்பு மேல் வரிசையாகக் குவித்திருந்தோம். அது மழையில் கரைந்துபோனால் பழையபடி கூலிக்குத்தான் போகவேண்டும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

வாரிய உப்பை உடனே மூடமாட்டோம். ஒரு ராத்திரி திறந்து போட்டுத் தண்ணீர் வடியவிட வேண்டும். ஈரத்தோடு மூடினால் அடியில் கட்டிதட்டிப் போகும், வியாபாரி முகத்தைச் சுளிப்பார். அதனால் எங்கள் குவியல் எல்லாம் திறந்தேதான் கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது.

அன்றைக்கு மத்தியானம் ரேடியோவில் நேயர் விருப்பம். திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். பிள்ளைக்குப் பிறந்தநாள், ஒரு பாட்டுப் போடுங்கள் என்றார். அவர் குரலுக்குப் பின்னால் சடசடவென்று ஒரே சத்தம். "அம்மா, லைன் ரொம்ப இரைச்சலா இருக்குதும்மா, அப்புறமா கூப்பிடுங்க" என்று அறிவிப்பாளர் இணைப்பை வெட்டிவிட்டார்.

அது லைன் இரைச்சல் இல்லை. தகர ஷீட்டில் விழுகிற மழை. ஷீட்டு வீட்டில் பிள்ளை வளர்த்தவள் நான்; மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேசவேண்டும். கோடையில் திண்டிவனத்தில் பிடிக்கிற மழை பொழுது சாய்வதற்குள் கடல் பக்கம் வந்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"ஏங்க, ஓலைய எடுங்க. மூடணும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். "இன்னாடி ஆச்சு உனக்கு? ஒரு மேகம் இல்ல. தண்ணி வேற இன்னும் வடியல."

"திண்டிவனத்துல கொட்டுது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ரேடியோவுல கேட்டுது."

அவர் சிரித்துவிட்டார். "ஊரே பாட்டு கேக்குற ரேடியோவுல உனக்கு மட்டும் மழை கேக்குதா?"

"ஆமா, எனக்கு மட்டும்தான் கேக்குது. மழை வரலன்னா, கட்டிதட்டுன உப்ப நானே ஒடைக்கிறேன். மூடாம வுட்டு வந்துடுச்சுன்னா உங்களுக்கு ஒடைக்க ஒண்ணுமே இருக்காது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஓலைக்கட்டைத் தூக்கினார். என் காதை நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்? பக்கத்து அளங்களுக்கும் குரல் கொடுத்தேன். சிலர் மூடினார்கள், சிலர் சிரித்தார்கள். நாங்கள் ஓலையைப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்து, ஓரத்தில் ஈரமண்ணை வெட்டிப் போட்டு அமுக்கினோம்.

கடைசிக் குவியலை மூடும்போதே மேற்கே கறுத்துவிட்டது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு மழை. மோட்டார் கொட்டகைக்குள் ஒண்டிக்கொண்டு, பாத்திகள் எல்லாம் வெறும் தண்ணீராக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தார்ப்பாய்க்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

மழை விட்டதும் அவர்தான் முதலில் ஓடினார். தார்ப்பாயைத் தூக்கி, ஓலையை விலக்கி, உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். விரலால் நெருடிப் பார்த்தார்.

"நம்ம உப்பு அப்படியே இருக்குதுடி" என்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனையோ அளத்தில் அவரோடு சேர்ந்து உப்பு வாரியிருக்கிறேன். அன்றைக்குவரை அவர் வாயில் அது மொதலாளி உப்புதான்.